நேஷனலிஸம்னா நாட்டுப்பற்று இல்லைங்க

ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், சமூகவியல்காரர், விளையாட்டு, பண்பாடு, நேஷனலிஸம் இந்த மூணும் எங்க ஒண்ணோட ஒண்ணு பிணையுதுன்னு பாடம் நடத்துறவர், ஆய்வும் அதுலயேதான். அவரோட உரைக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒட்டின நோட்டீஸ்ல 'விளையாட்டும் நாட்டுப்பற்றும்'னு போட்டிருந்தாங்க. நேஷனலிஸத்த நாட்டுப்பற்றுன்னு தமிழ்ப்படுத்துறத பேப்பர்ல பாத்தாச்சு, ரேடியோவுல கேட்டாச்சு, இப்ப நோட்டீஸ்லயும் வந்தாச்சு, இனிமே சும்மா இருக்க முடியல.

நாட்டுப்பற்றுங்கிறது பேட்ரியாட்டிஸம். லத்தீன்ல பாத்ரியான்னா தகப்பன் மண்ணு, அது மேல வர்ற பாசம். நேஷன்ங்கிறது நாத்தியோங்கிற லத்தீன் சொல்லுலருந்து வருது, பிறப்புன்னு அர்த்தம், ஒரே பிறப்புல வந்த கூட்டம். அதோட இஸம் சேர்ந்தா அது பாசம் இல்ல, ஒரு கொள்கை. நாம எல்லாம் ஒரே மக்கள், நமக்குன்னு ஒரு அரசு வேணும், அதுக்கு உள்ள யாரு வெளிய யாருன்னு கோடு போடுற கொள்கை. அவ்ளோதான் மூலம்.

இப்ப அந்த விரிவுரையாளரோட வேலைய யோசிங்க. 1975 உலகக் கிண்ண ஹாக்கி நம்ம கோலாலம்பூர்ல நடந்துச்சு, அரையிறுதியில இந்தியா மலேசியாவ 3-2ல ஜெயிச்சு, அப்புறம் பாகிஸ்தானையும் அடிச்சு கிண்ணத்த தூக்கிட்டுப் போச்சு. மலேசிய அணியிலயே நம்மாளுங்க, இந்திய வம்சாவளிக்காரங்க, ஆடினாங்க. அப்படி இருந்தும் இந்தியாவோட ஆட்டம்னு வந்தா இன்னிக்கும் மாமாக் கடையில, அதான் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, ஒருத்தர் நம்மள கேட்டுடுவாரு, நீ எந்தப் பக்கம்யான்னு. 1990ல பிரிட்டன்ல நார்மன் டெபிட்னு ஒரு அரசியல்வாதி இதையே ஒரு சோதனையாவே சொன்னாரு, குடியேறி வந்த ஆசியக்காரங்க கிரிக்கெட்ல யாருக்குக் கைதட்டுறாங்கன்னு பாருங்கன்னு. ஏன் இந்தக் கேள்வி சிலர்கிட்ட மட்டும் கேட்கப்படுது, கேட்கிற உரிமை ஒருத்தருக்கு எங்கருந்து வந்துச்சு, இதத்தான் இந்த மாதிரி சமூகவியல் ஆராயுது. தலைப்புல நாட்டுப்பற்றுன்னு போட்டா என்ன ஆகுது? கொடி புடிச்சு கத்துறது நல்ல பழக்கம்னு பேச வந்தவர் மாதிரி ஆயிடுது. ஆராய்ச்சியோட கேள்வியவே அடைச்சுட்டு, பதிலா ஒரு நற்பண்ப மேடையில உக்கார வச்சிடுறாங்க. பூப்பந்துல, அதான் பேட்மிண்டன்ல, மலேசிய வீரர் லீ சோங் வெய் 2008, 2012, 2016 மூணு ஒலிம்பிக்லயும் வெள்ளி வாங்குனப்போ எல்லா இனமும் சேர்ந்து டிவி முன்னாடி உக்காந்து அழுதுச்சே, அது நாட்டுப்பற்றுன்னு தாராளமா சொல்லலாம். ஆனா அந்த ஒரு ராத்திரி ஒண்ணா இருந்தவங்க மறுநாள் ஏன் பழையபடி பிரிஞ்சு நிக்கிறாங்கன்னு கேக்க அந்தச் சொல்லு பத்தாது.

மலாய்ல இந்தக் குழப்பமே கிடையாது. பத்ரியோத்திஸ்மே வேற, நாசியோனாலிஸ்மே வேற, இடைநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடத்துல நம்ம புள்ளைங்களே ரெண்டையும் தனித்தனியா படிக்குதுங்க. தமிழ்ல எழுத வரும்போது மட்டும் பெரியவங்க ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? சிலர் 'தேசியம்' போதும்ங்கிறாங்க, பெண்ணியம், மார்க்சியம் மாதிரி. தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் அது ஓடுது, தமிழ்த் தேசியம்னா அங்க எல்லாருக்கும் புரியும். இங்க ஓடாது. இங்க தேசியங்கிறது மலாய் கெபாங்சாஆனுக்கும் இங்கிலீஷ் நேஷனலுக்கும் நாம ஒட்டி வச்ச முத்திரை: தேசிய மொழி, தேசியப் பள்ளி, தேசிய முன்னணி, அம்மாவும் அப்பாவும் படிச்ச தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி. 'விளையாட்டும் தேசியமும்'னு போட்டா தேசிய அணியப் பத்தின பேச்சுன்னுதான் ஆளுங்க வருவாங்க.

இன்னொரு கூட்டம் தேசம் வடசொல்லு, அதனால 'நாட்டினவாதம்'னு சொல்லணும்ங்குது. இதுலதான் எனக்குக் கோவம் அதிகம். முதல்ல தேசம் ஒண்ணும் நேத்து வந்த சொல்லு இல்ல, குறுந்தொகையிலயே 'மொழிபெயர் தேஎத்தர்'னு இருக்கு, வேற மொழி பேசுற தேசத்துல இருக்கிறவர்னு அர்த்தம். ஈராயிரம் வருஷமா நம்ம வாயில பொழங்குன சொல்லு நமக்குச் சொந்தம்தான். ரெண்டாவது, அந்த நடுவுல இருக்குற 'இன'. மலேசியாவுல இனவாதம்னா என்னன்னு யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், அத உள்ள வச்சு ஒரு சொல்லு கட்டுனா காதுல விழுறது ரேசிஸம் மட்டும்தான். நாத்தியோன்னா பிறப்பு. மலாய் பங்சாவும் வம்சங்கிற சமஸ்கிருதச் சொல்லுலருந்து வந்தது, அதனாலதான் பங்சா மெலாயுன்னா இனம், 1991ல பேச ஆரம்பிச்ச பங்சா மலேசியான்னா எல்லாரும் சேர்ந்த மக்கள், ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் இழுபடுது. தேசம் மட்டும்தான் இடத்தக் குறிக்குது. யார் வயித்துல பொறந்தேன்னு கேக்காம எங்க நிக்கிறேன்னு கேக்குற சொல்லு. இந்த நாட்டுல நம்ம நெலமைக்கு அத விட்டுட்டு இனத்த ஏன் வலிய இழுத்து உள்ள விடணும்?

அதனால தேசியவாதம். வாதம்னா தீவிரவாதம் ஞாபகம் வருதுன்னு சொல்றாங்க, பகுத்தறிவுவாதமும் அதே வாதம்தானே. வாதிட்டு நிலைநாட்டுற ஒரு நிலைப்பாடுன்னு தெளிவா தெரியுது, நல்லதா கெட்டதான்னு முன்கூட்டியே தீர்ப்பு சொல்லல, ஆய்வுக்கு அதுதான் வேணும்.

பொழக்கத்துல இப்படி வச்சுக்குங்க: அணிக்குத் தேசிய அணி, அங்க வாதம் வேண்டாம். கொள்கைய ஏந்துறவர் தேசியவாதி. ஆகஸ்ட் மாசம் கார்ல கட்டுற கொடி மாதிரி கண்ணுக்குப் பழகி, யோசிக்காமலே நடக்குறதுக்கு மைக்கேல் பில்லிக்ங்கிற ஆய்வாளர் 1995ல பேனல் (banal) நேஷனலிஸம்னு பேரு வச்சாரு, அத 'சாதாரண'ன்னு எழுதாதீங்க, அன்றாடத் தேசியவாதம்னு எழுதுங்க. நாட்டுப்பற்ற பேட்ரியாட்டிஸத்துக்கே விட்டுடுங்க. நோட்டீஸ் அடிக்கிறவங்களுக்கு: விளையாட்டு, பண்பாடு, தேசியவாதம், மூணு சொல்லும் ஒரே வரியில அழகா அடங்கும்.