‘த’ என்ற எழுத்துக்கு மூன்று பெட்டி

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அபார்ட்மென்டில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். மொத்தம் 340 புத்தகம். எக்செல் பட்டியலிலிருந்து புத்தகத்துக்கு ஒரு இணையப் பக்கம் உருவாக்கிச் சேமிக்கும் ஸ்கிரிப்டை, அதாவது பைதான் என்ற கணினி மொழியில் ஒரு சிறு நிரலை, அவரே எழுதிவிட்டார். லேப்டாப்பில் திறந்தால் தமிழ் பளிச்சென்று தெரிகிறது. சர்வரில் ஏற்றியதும் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று ஒரே கிறுக்கல். “கோப்பு கெட்டுப்போச்சா?” என்று கேட்கிறார்.

கெடவில்லை. ஒரு பைட் கூட, அதாவது கோப்பில் எண் ஒன்றை வைக்கும் ஒரு சின்னப் பெட்டி கூட, மாறவில்லை.

ஸ்கிரிப்ட் செய்யும் வேலை எளிது. தலைப்பு, ஆசிரியர், யாரிடம் இருக்கிறது என்ற இடங்களைக் காலியாக விட்ட டெம்ப்ளேட் ஒன்று. திரும்பத் திரும்ப ஓடும் லூப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து அதை நிரப்பி, புதுக் கோப்பைத் திறந்து எழுதி மூடும். அவ்வளவுதான்.

‘எழுதி’ என்கிறோமே, ரகசியம் அங்கேதான். கோப்புக்குள் எழுத்து போவதில்லை, எண்தான் போகிறது. அதுவும் ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் ‘த’வின் எண் 2980. எப்படி அடைப்பது?

1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில் ராப் பைக்கோடு சாப்பிட உட்கார்ந்த கணினி நிபுணர் கென் தாம்சன், தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளிலேயே இதற்கு வழி போட்டார். அதுதான் யுடிஎஃப்-8. 2980-ஐ 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணாக எழுதி, முன்னால் சுழியம் சேர்த்து 16 இலக்கமாக்குங்கள். அதை 0000, 101110, 100100 என்று மூன்று துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டின் முன்னால் 1110, மற்ற இரண்டின் முன்னால் 10. இப்போது கையில் இருப்பது மூன்று பைட்: 224, 174, 164.

அந்த முன்னொட்டுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1110-இல் மூன்று ஒன்றுகள்: “நான்தான் முதல் பெட்டி, என்னோடு சேர்த்து மூன்று பெட்டி.” 10 என்றால், “முதல் பெட்டி எனக்கு முன்னால் இருக்கிறது.” கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் நடுவே எந்தப் பெட்டியில் தாவி ஏறினாலும், சுவரைப் பார்த்தே இன்ஜின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிற ரயில் இது. வழியில் ஒரு பைட் தொலைந்தால் அந்த ஓர் எழுத்தோடு சேதம் நின்றுவிடும். அடுத்த எழுத்து தன் தலையைத் தானே காட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தோ 0-இல் தொடங்கி ஒரே பைட்டில் முடிகிறது. அதனால் பழைய ஆங்கிலக் கோப்புகள் எதையும் தொடவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்கு அலுக்கவில்லை.

‘தமிழ்’ கண்ணுக்கு மூன்று எழுத்து. ‘மி’யின் இகரக் குறியும் ‘ழ்’ மேல் உள்ள புள்ளியும் தனி என்பதால் யூனிகோடுக்கு 5. கோப்பில் 15 பைட்.

சரி, கிறுக்கல் எப்படி வந்தது? பக்கம் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்தை பைட்டாக்கும் எந்த முறையில், இருக்கிறது என்று சொல்லாவிட்டால், பிரவுசர் பெரும்பாலும் பழைய மேற்கத்திய அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு பைட்டுக்கு ஒரு குறி என்று படிக்கும். அதில் 224 கோடு போட்ட ‘ஏ’, 174 வட்டத்துக்குள் ‘ஆர்’. தமிழ் எழுத்து எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால்தான் அவர் பார்த்த குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. சொந்தக் கணினியில் உள்ள கோப்பு என்றால் பிரவுசர் உள்ளே பார்த்து ஊகித்துவிடும். சர்வரிலிருந்து வருவதற்கு அந்தச் சலுகை இல்லை.

தமிழுக்கு மட்டும் மூன்று பைட்டா என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. 340 பக்கமும் சேர்ந்து ஒரு செல்போன் புகைப்படத்தின் அளவைத் தாண்டாது. என் வருத்தம் வேறு. யூனிகோடுக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி வைத்த தமிழ், அந்த எழுத்துரு தொலைந்தால் வெறும் கிறுக்கல். தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றின் தன்னார்வலர்கள்தான் எவ்வளவோ நூல்களைக் கரையேற்றினார்கள். இந்த மாற்று வேலைக்கு அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவேண்டும், விழாவுக்கு ஒதுக்குவது போலவே.

வாசகிக்கு: டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில், தலைப்புக்கும் முன்னால், குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேருங்கள். அது முதல் 1024 பைட்டுக்குள் வரவேண்டும். கோப்பைத் திறக்கும் வரியிலும் அதையே குறிப்பிடுங்கள், இல்லையென்றால் சில விண்டோஸ் கணினிகளில் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். அப்புறம் மறுபடி ஓட்டுங்கள், பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொள்ளும். அதற்கு முன் பழைய பக்கம் ஒன்றை பைட் பைட்டாகத் திறந்து பாருங்கள். 224, 174, 164 என்று ‘த’ அங்கேயே இருக்கும்.