மெத்தென்று இருந்தால் சொகுசா?

எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் செய்யும் முதல் காரியம், இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்ப்பது. பிறகு பக்கத்துத் தெரு வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, அலுங்காமல் போகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு வண்டியை வாங்கினேன். வேகத்தடையில் பல்லக்குப் போல ஏறி இறங்கிய அது, சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்த அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தரை இன்னும் ஆடுகிறது. திரும்பும்போது நான் ரயிலில் வந்துவிடுகிறேன்" என்றார்.

வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. குலுக்கல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல ஜாதிக் குலுக்கல்கள். நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதைப் பொறுத்து, உடம்பின் வெவ்வேறு இடம் அதற்கு வருந்துகிறது. அந்த எண்ணிக்கைக்குத்தான் ஹெர்ட்ஸ் என்று பெயர்.

ஸ்பிரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும் காரை அமுக்கி விட்டால் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும். நாம் நடக்கும்போதே நொடிக்கு இரண்டு அடி வைக்கிறோம். ஆகவே இந்த ஆட்டம் உடம்புக்குப் புதிதல்ல. இதைவிட மிக மெதுவான ஆட்டம், 0.2 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், குமட்டலைக் கிளப்பும். கப்பலில் தலை சுற்றுவது இதனால்தான். மறுபக்கம், 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்கீழ் அதிர்வில் வயிறும் மார்பும் தோளும் தாமாகவே சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடுகிறதே, அதே ஒத்ததிர்வுதான். உடல் தாங்கும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச நெறிமுறையும் மேல்கீழ் அதிர்வில் இந்த அதிர்வெண் பட்டைக்கே அதிக முக்கியத்துவம் கொடுக்கிறது.

இப்போது சாலைக்கு வருவோம். நம் நாட்டுக் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் பலகைகளுக்கு இடையேயான குறுக்கு இணைப்பு பொதுவாக 4.5 மீட்டருக்கு ஒன்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஆறு தட்டு. உடம்பு வெறுக்கும் பட்டையின் நட்டநடுவில் போய் உட்காருகிறது! 80-க்குக் குறைத்தாலும் ஐந்து தட்டு, தப்பிக்க வழியில்லை. மும்பை–நாக்பூர் சம்ருத்தி சாலை 701 கிலோமீட்டர், கான்கிரீட். அங்கே இணைப்புகள் சற்றே மேடுபள்ளமாகிவிட்டாலும் வேகத்தடையில் வாங்கிய நற்சான்றிதழால் பயனில்லை.

மேம்பாலங்களில் கதை வேறு. தூண்களுக்கு நடுவே 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தட்டு. அது காரின் சொந்த ஆட்டத்தோடு கைகோத்துக்கொள்ளும். பாலம் முடிவதற்குள் வண்டி அலைமேல் போவது போல மிதக்கத் தொடங்கினால், ஷாக் அப்சார்பர் மிக இளக்கம் என்று பொருள்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அது வாங்கியதைத் திருப்பித் திருப்பித் துள்ளாமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அதை இறுக்கினால் ஒரு ஹெர்ட்ஸ் மிதப்பு அடங்கும், ஆனால் ஆறு ஹெர்ட்ஸ் தட்டுகள் நேராக முதுகுக்கு வரும். இளக்கினால் தட்டுகள் மறையும், மிதப்பு வரும். என் வண்டி இரண்டாவது வகை. மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற சில வண்டிகளில் உள்ள ஷாக் அப்சார்பர்கள், மெதுவான ஆட்டத்துக்கு இறுக்கமாகவும் வேகமான அதிர்வுக்கு இளக்கமாகவும் தாமே மாறிக்கொள்கின்றன. விளம்பரத்தில் சன்ரூஃபுக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை.

முன்சக்கரம் மேட்டில் ஏறி, 2.75 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) உள்ள வண்டியின் பின்சக்கரம் அதே மேட்டைத் தொட, நூறில் போகும்போது பத்தில் ஒரு நொடி ஆகும். முன்பக்கம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்க, பின்பக்கம் தாமதமாகச் சேர்கிறது. விளைவு, ஏற்றமரம் போல முன்பின் சாய்தல். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஆலி இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்: பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் வேகமாக ஆடும்படி அமையுங்கள், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். எட்டிப்பிடித்தாலும், பஸ்ஸில் கடைசி இருக்கை தூக்கிப்போடும் என்று நாம் அறிந்த உண்மை மாறாது. பின் அச்சுக்கு நேர் மேலே உட்காருபவருக்குத்தான் உதை அதிகம். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உட்காருபவருக்குக் குறைவு.

உயரமான இருக்கையிலிருந்து சாலை நன்றாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வண்டி பக்கவாட்டில் ஒரு பாகை சாய்ந்தால், அது சாயும் அச்சிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை 17 மில்லிமீட்டர் நகரும். ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் கழுத்து அதைச் சரிசெய்துகொண்டே வருகிறது. சின்ன ஜன்னலுக்குப் பின்னால் அடிவானம் தெரியாமல் இருந்த அம்மாவுக்கு, கண் ஒன்று சொல்ல, காதின் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லியிருக்கிறது.

டயரில் கண்ணுக்கு அழகு ஒன்று, முதுகுக்கு நல்லது வேறொன்று. 235/65 ஆர்17, 235/55 ஆர்19 என்ற இரண்டு டயர் அளவுகளும் (கடைசி எண், உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்) வெளிவிட்டத்தில் ஏறக்குறைய சமம். முதலாவதில் ரப்பர் பக்கச்சுவர் 153 மில்லிமீட்டர், இரண்டாவதில் 129. காற்றடைத்த அந்த 24 மில்லிமீட்டர் இலவச ஸ்பிரிங். அதை விட்டுவிட்டு, கூடுதல் விலை கொடுத்துப் பெரிய அலாய் சக்கரம் வாங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சத்தமும் களைப்பூட்டும். காற்று உரசும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் ஏறத்தாழ நான்கு மடங்கு. இதுவும் ஷோரூம் தெருவில் கேட்காது.

இருக்கையை அமுக்கிப் பார்ப்பதைவிட, தொடையின் அடிப்பகுதி முழங்காலுக்கு அருகில் வரை தாங்கப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும். மெத்தென்ற நுரை சீக்கிரமே அமுங்கிப்போகும்.

போன மாதம் நண்பருக்கு வண்டி பார்க்கப் போனபோது, புறவழிச்சாலைக்குப் போகலாம் என்றேன். விற்பனையாளர் ஓட்ட, நான் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டேன். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். இணைப்புகள் முடிந்த பிறகும் தண்ணீர் மூன்று முறை ஏறி இறங்கியது. "அடுத்த வண்டியைப் பார்க்கலாம்" என்றேன். விற்பனையாளர் கண்ணாடி வழியே பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.