தாளுக்குள் தொலையாத ஒளி

இருட்டறையில் ஒரு லேசர் கதிரை மெல்லிய வெள்ளைத் தாளின் மேல் விழவிட்டு, தாளுக்கு அப்பால் உள்ள சுவரைப் பாருங்கள். லேசர் புள்ளி அங்கே இருக்காது. பளிச்சென்ற பொட்டுகளும் கருந்திட்டுகளும் கலந்து, மணலை வாரி இறைத்தது போல ஒரு கோலம் தெரியும். இதற்கு ஸ்பெக்கிள் என்று பெயர். தாளின் நார்களில் மோதி மோதி, எண்ணற்ற பாதைகளில் அலைந்து வந்த ஒளி அலைகள் சுவரில் வந்து கூடுகின்றன. முகடும் முகடும் சேர்ந்த இடம் பளிச்சிடுகிறது. முகடும் அகடும் சேர்ந்த இடம் அணைந்துவிடுகிறது.

பார்த்தால் வெறும் குழப்பம்தான். ஆனால் கதிரை மிக மிகக் கொஞ்சமாகச் சாய்த்தால், கோலம் கலையாமல் அப்படியே ஒரு பக்கமாக நகர்கிறது! ஃபெங், கேன், லீ, ஸ்டோன் ஆகிய நான்கு இயற்பியலாளர்கள் 1988-ல் இதைக் கணித்தார்கள். அதே ஆண்டில் சோதனையிலும் பார்த்தாயிற்று. பெயர், நினைவு விளைவு. ஒளிச் சிதறல் பற்றிய துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எப்படி நடக்கிறது? ஓர் இடத்தில் நுழையும் ஒளி, உள்ளே எவ்வளவுதான் அலைந்தாலும், ஏறக்குறைய தாளின் தடிமன் அளவுக்குத்தான் பக்கவாட்டில் விலகி வெளியே வரும். கதிரைச் சாய்த்தால் அலை ஓர் ஓரத்தில் முந்தியும் மறு ஓரத்தில் பிந்தியும் நுழைகிறது. நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளிவருவதால், அந்த முந்தல் பிந்தலும் பெரும்பாலும் அழியாமல் வெளியே வருகிறது. தடிமன் கூடக் கூட இந்த நினைவு மங்கும். சிவப்பு ஒளிக்கு 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 0.06 டிகிரி வரைதான் தாங்கும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அது வெறும் ஒரு மில்லிமீட்டர் நகர்வு. அதற்கு மேல் சாய்த்தால் புதுக் கோலம்.

இப்படி ஒன்று மாறும்போது மற்றொன்றும் அதோடு சேர்ந்து மாறுவதை ஒட்டுறவு என்பார்கள். அதில் இன்னொரு வகையும் உண்டு. உள்ளே பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், ஒரு பொட்டு பிரகாசமானால் எங்கோ தள்ளியிருக்கும் பொட்டும் இம்மியளவு பிரகாசமாகும். எலக்ட்ரானும் அலைதானே, அதனால் மிகக் குளிர்ந்த சின்னஞ்சிறு உலோகக் கம்பிகளின் மின்கடத்தலிலும் இதே கதைதான்.

சரி, நினைவு விளைவால் என்ன பயன்? தாள் போல ஒளியைச் சிதறடிக்கும் திரைக்குப் பின்னே, லேசர் பட்டால் ஒளிரும் பொருள் ஒன்றை மறைத்துவைத்து, கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால், ஸ்பெக்கிள் கோலம் அதன் மேல் ஊர்ந்து போகும். ஒவ்வொரு கோணத்திலும் மொத்தமாக எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளந்தால் போதும். கோலம் எப்படி இருந்தது என்று தெரியவே வேண்டாம். அந்த ஏற்ற இறக்கங்களின் ஒட்டுறவிலிருந்து பொருளின் வடிவத்தைக் கணினி மீட்டுவிடும். 2012-ல் இப்படித்தான் ஒளிபுகாத திரைக்குப் பின்னிருந்த உருவத்தை, திரையைத் தொடாமலே படமெடுத்தார்கள்.