மூச்சுக்குள் போவது எந்த மணி நேரத்துக் காற்று?

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் வேளச்சேரிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வயது 68. பல ஆண்டுகளாக ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துகிறவர். பொங்கலுக்குப் பிறகு இளைப்பு கூடிவிட்டதாகவும், வாரத்துக்கு நான்கைந்து முறை அவசர இன்ஹேலரை எடுக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார். காற்று மாசு காரணமாக இருக்கலாம் என்று நான் பேச்செடுத்ததும் கைபேசியை நீட்டினார். அதில் காற்றுத் தரக் குறியீடு 74 என்றும், ‘திருப்திகரம்’ என்றும் இருந்தது. “காத்து நல்லாத்தானே இருக்கு டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இழுக்குது?” என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. நுரையீரல் மருத்துவராகச் சென்னையில் பணியாற்றும் எனக்கு அதே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் ஆண்டுதோறும் வருகிறது. நகரத்தின் காற்றில் இருக்கும் மாசின் அளவு என்பது ஒன்று. ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் போய்ச் சேரும் மாசின் அளவு என்பது வேறொன்று. முன்னதைக் கருவி அளந்து சொல்கிறது. பின்னதை, அவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார், எவ்வளவு வேகமாக மூச்சு விட்டார் என்று கேட்டுத்தான் கணக்கிட முடியும்.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நடைப்பயிற்சிக்கு எப்போது போகிறீர்கள் என்பதுதான். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, பிரதான சாலை ஓரமாக நடந்து, ஆறரைக்கு வீடு திரும்புவதாகச் சொன்னார். வண்டிகள் குறைவாக இருக்கும் நேரம், ஆகவே காற்று சுத்தமாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். விடியற்காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். மார்கழி, தை மாதங்களில் நகரத்துக்குள் அந்த நம்பிக்கை பொருந்துவதில்லை. இரவில் தரை குளிரும்போது தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்கிறது. முந்தைய மாலையின் வாகனப் புகை, இரவு முழுவதும் ஓடிய சரக்கு லாரிகளின் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் அந்தத் தாழ்ந்த அடுக்குக்குள் தேங்குகின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகே மூடி விலகுகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நகருக்குள் நுழையும்போது மாசு மேலும் கலைகிறது. இந்த வகையில் சென்னைக்கு இயற்கை தந்திருக்கும் வாய்ப்பு டெல்லிக்கு இல்லை.

இனி அந்த 74 என்ற எண்ணுக்கு வருவோம். நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகளுக்கான எண், முந்தைய 24 மணி நேரத்தின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. விளங்குவதற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 20 மணி நேரம் நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமும், மீதி நான்கு மணி நேரம் 120 மைக்ரோகிராமும் இருந்ததாகக் கொள்வோம். சராசரி 45. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 என்பதால் அந்த நாள் ‘திருப்திகரம்’ என்ற வகைக்குள்தான் வரும். ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒன்றேகால் மணி நேரம் ஒருவர் சாலையோரம் வேகமாக நடந்தால், அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சராசரியைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் துகள் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் மனிதர், விறுவிறுவென்று நடக்கும்போது அதைப் போல் மூன்று நான்கு மடங்கை இழுக்கிறார் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கும்போது பலரும் வாய் வழியாக மூச்சு விடுவதால் மூக்கின் வடிகட்டலும் கிடைக்காமல் போகிறது.

பி.எம். 2.5 என்று நாம் குறிப்பிடும் நுண்துகள்கள் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த விட்டம் உடையவை. தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் சாலைப் புழுதியைப் போலன்றி, இவை காற்றறைகள் வரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்துக்குள்ளும் கடக்கின்றன. அதனால்தான் துகள் மாசு ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை போகிறது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது.

ஒரு நாளுக்குள் மாசு ஏறி இறங்குவதுபோலவே ஆண்டுக்குள்ளும் ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை காற்றைக் கழுவுகிறது. மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் மாசு தேங்கத் தொடங்கி, போகியன்று உச்சத்தைத் தொடுகிறது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கண்ணை மறைத்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும் ரத்தானதும் பலருக்கு நினைவிருக்கும். பாயும் கோரையும் எரித்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் பழைய மெத்தையும் எரியும் காலத்தில் அந்தப் புகையின் நச்சுத்தன்மை பல மடங்கு கூடிவிட்டது. தீபாவளிக்கு 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடி நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரக் கட்டுப்பாட்டைத் தெருவில் யாரும் பார்ப்பதில்லை என்பதை மறுநாள் காலை என் புறநோயாளிகள் பகுதியில் நெபுலைசருக்காகக் காத்திருக்கும் வரிசை எனக்குச் சொல்கிறது.

இன்னொரு நோயாளியைப் பற்றிச் சொன்னால் இடத்தின் கணக்கு விளங்கும். ஆட்டோ ஓட்டுபவர், வயது 44, பீடி சிகரெட் தொட்டதில்லை. ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் அவருடைய மூச்சுத்திறன், நெடுநாள் புகைபிடித்தவருடையதைப் போல் இருந்தது. அவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சிக்னலில் நின்றும் நகர்ந்தும் இருப்பவர். முன்னால் நிற்கும் லாரியின், பேருந்தின் புகைக்குழாய் ஏறக்குறைய அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது. கண்காணிப்பு நிலையங்கள் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று சில இடங்களில் நின்று ஒரு பகுதியின் பொதுவான காற்றை அளக்கின்றன. அது தேவையான பணி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிக்னலில் பூ விற்கும் பெண்ணும், ஆட்டோ ஓட்டுநரும், போக்குவரத்துக் காவலரும் மூச்சு விடும் காற்று அந்த எண்ணுக்குள் வருவதில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தபோதும், ஆண்டு இறுதிச் சராசரியில் அந்த நாட்கள் கரைந்துவிடுபவைதாம். அந்தப் புகையில் வாழ்ந்த குடும்பங்களின் நுரையீரலில் அவை கரையாது.

வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்குமே தவிர நுண்துகளைப் பிடிக்காது. கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்திச் சுருளை ஏற்றுகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் துகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. இரவு எட்டு மணி நேரம், மூடிய அறை, பக்கத்தில் தூங்கும் குழந்தை. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று வரும் தாய்மாரிடம் சாலைப் புகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறேன். கொசுவலையே போதும்.

காலத்தை இன்னும் நீட்டிப் பார்த்தால், ஒரே மனிதர் ஏற்கும் மாசின் வகையே மாறிவிட்டிருப்பது தெரியும். எழுபது வயதைக் கடந்த பெண்கள் பலர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வருகிறார்கள். அவர்களும் புகைபிடித்தவர்கள் அல்லர். எந்த வயது வரை விறகடுப்பில் சமைத்தீர்கள் என்று கேட்டால் முப்பது, நாற்பது என்று விடை வருகிறது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ், கடைசியாகத்தான் கேஸ். ஊதுகுழலால் அடுப்பை ஊதிய ஆண்டுகளில் நுரையீரலில் படிந்தது, கேஸ் அடுப்பு வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு மூச்சு வாங்குதலாக வெளிப்படுகிறது. தமிழ்நாட்டில் அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியதும், 2016-இல் உஜ்வலா திட்டம் வந்ததும் இந்தச் சுமையை அடுத்த தலைமுறைக்குக் குறைத்திருக்கின்றன என்பதை நான் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

சாலையிலும் மாற்றம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தன. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஒரு புதிய வண்டி விடும் புகை குறைந்தது உண்மை. வண்டிகளின் எண்ணிக்கை கூடியதும், பழைய டீசல் வண்டிகள் இன்னும் ஓடுவதும், பிரேக்கும் டயரும் தேய்ந்து எழும் தூசிக்குப் புகை விதி எதுவும் பொருந்தாததும் அதே அளவு உண்மை. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம், 2017-ஐ அடிப்படையாகக் கொண்டு துகள் மாசை 20 முதல் 30 சதவீதம் குறைப்பது என்று இலக்கு வைத்து, பின்னர் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. நகரச் சராசரி குறைவதை நான் வரவேற்கிறேன். அந்தக் குறைவு யாருடைய மூச்சில் குறைந்தது என்பதையும் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரம்புகளும் நிலையானவை அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கு 10 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்ததை 2021-இல் 5 ஆகக் குறைத்தது. நம் நாட்டு வரம்பு 2009 முதல் 40 என்றே நிற்கிறது.

பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஆறுதலான செய்தி தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. அங்கே பல்லாண்டுகள் நடந்த குழந்தைகள் நல ஆய்வில், மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் நுரையீரல் 18 வயதில் முழு வளர்ச்சியை எட்டாமல் போனது 2004-இல் தெரியவந்தது. அதே பகுதியில் காற்று படிப்படியாகத் தூய்மையானபோது, பின்னால் வந்த குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி மேம்பட்டதை 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின. வளர்கிற வயதில் மாசு குறைந்தால் பலன் அந்த உடம்பிலேயே தெரிகிறது. ஆகவே பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடம், அதை அணைத்துவிடுங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

மீண்டும் வேளச்சேரிப் பெரியவரிடம் வருகிறேன். மருந்தின் அளவை மாற்றவில்லை. இன்ஹேலரை இழுக்கும் முறையைச் சரிசெய்தேன். நடைப்பயிற்சியை மாலை நாலரைக்கு, பிரதான சாலையை விட்டு உள்தெருக்களுக்கு மாற்றச் சொன்னேன். வெளியே போயே ஆக வேண்டிய பனிக்காலக் காலைகளில் மூக்கை ஒட்டி இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியச் சொன்னேன், துணி முகக்கவசம் நுண்துகளுக்குப் போதாது. ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுந்த நேரம், வெளியே போன நேரம், இடம், அவசர இன்ஹேலர் எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி வரும்படியும் கேட்டுக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது, கடைசி பதினைந்து நாட்களில் ஒரே ஒரு முறைதான் இன்ஹேலர் எடுத்ததாகக் குறிப்பேடு காட்டியது. அதற்குள் பனிக்காலமும் முடிந்துவிட்டதால் பலன் முழுவதையும் நேர மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்று அவரிடமே சொன்னேன். “அப்போ மார்கழியிலேருந்து தை முடியிற வரைக்கும் மறுபடி எழுதிக் கொண்டாறேன் டாக்டர், அப்ப பாத்துச் சொல்லுங்க” என்று குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.