அகராதி பிடித்தவர்கள்: ஒரு சொல் விளக்கம்

“ரொம்ப அகராதி பேசாத” என்று ஒருவர் சொன்னால், கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் யாருக்கும் புத்தகம் நினைவுக்கு வராது. வாய்த்துடுக்கு, தலைக்கனம், எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு, எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு, இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அகராதியையே கரைத்துக் குடித்தவன்போல நடந்துகொள்பவன் ‘அகராதி படித்தவன்’, அதுதான் பேச்சில் ‘பிடித்தவன்’ ஆனது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கென்னவோ ‘பிடித்தவன்’ என்பதே சரியாகப் படுகிறது. பேய் பிடிக்கிறது, பைத்தியம் பிடிக்கிறது, அகராதியும் பிடிக்கிறது. பழைய அகராதிகளைத் தொகுத்தவர்களின் கதையைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அகரம் + ஆதி = அகராதி. அகரத்தை முதலாக உடையது என்று பொருள். அந்தம் + ஆதி ‘அந்தாதி’ ஆனதும் இதே முறையில்தான். ‘அகரம்’ என்பதில் வரும் ‘கரம்’ எழுத்துச் சாரியை, அதாவது எழுத்தின் பெயரைச் சொல்லும்போது சேர்த்துக்கொள்ளும் ஒட்டு, தொல்காப்பியம் சொல்வது. ‘ஆதி’ வடசொல். ஆக, சொல்லின் தலை தமிழ், வால் வடமொழி. திருக்குறளின் முதல் குறளில் ‘அகர முதல’ என்பதும் ‘ஆதி’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அகராதிக்கு முன்னால் தமிழில் இருந்தது நிகண்டு. அது தேடிப் பார்க்கும் நூல் இல்லை, மனப்பாடம் செய்யும் நூல். சேந்தன் திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாமே செய்யுள். தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று தொகுதி தொகுதியாக ஓடும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் இடம் எதுகைப்படி அடுக்கப்பட்டிருக்கும். அதாவது முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். பாடம் பண்ணியவனுக்கு அது வசதி, புதிதாக வந்தவனுக்குத் தலைவலி.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் ‘அகராதி நிகண்டு’ செய்தார். சொற்களை முதல் எழுத்தின் வரிசையில் வைத்தார், ‘அகராதி’ என்ற பெயரையும் நூலுக்குச் சூட்டினார். ஆனால் இரண்டாம் எழுத்துக்கு வரிசை கிடையாது. நூலும் செய்யுளாகவே இருந்தது. பாதி நிகண்டு, பாதி அகராதி.

மீதிப் பாதியைச் செய்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. 1732இல் அவர் முடித்த ‘சதுரகராதி’க்கு நான்கு பகுதிகள், ‘சதுர்’ என்பது அந்த நான்கைத்தான் குறிக்கிறது. பெயரகராதியில் ஒரு சொல்லை எடுத்தால் அதன் பல பொருள்கள் வரும். ‘மா’ என்றால் மரம், குதிரை, திருமகள், நில அளவு என்கிற மாதிரி. பொருளகராதி இதற்குத் தலைகீழ்: யானை என்று பார்த்தால் களிறு, வேழம், கரி என்று பெயர்கள் வரும். தொகையகராதி இருசுடர், முக்கனி என்று எண்ணிக்கையால் சேர்ந்து வருபவற்றைச் சொல்லும். தொடையகராதி செய்யுள் எழுதுகிறவனுக்கு எதுகைச் சொற்களை எடுத்துக் கொடுக்கும். நிகண்டு செய்த வேலை எதையும் அவர் கைவிடவில்லை. அதைப் பிரித்துப் போட்டு, பாட்டை உரைநடையாக்கி, தேடுகிறவன் கைக்கு எட்டும்படி அடுக்கினார்.

இன்னொரு காரியமும் செய்தார், அதை அகராதியோடு சேர்த்து யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் காலத்து ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு புள்ளி ஒன்றுதான். ஓலை கிழியும் என்று புள்ளியை வைக்காமலே விட்டுவிடுவார்கள். ‘கெடு’வா, ‘கேடு’வா என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும். பாட்டில் அது தெரிந்துவிடும், சொல் தனியாக நிற்கும் அகராதியில் எப்படித் தெரியும்? எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? நெடிலுக்குக் கொம்பில் சுழி போட்டு அவர் வேறுபடுத்தியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆள் எப்படி? காவி உடை, காதில் கடுக்கன், போக்குவரத்துக்குப் பல்லக்கு, உட்காரப் புலித்தோல். இதையெல்லாம் எழுதி வைத்தவர் புதுச்சேரிக்காரரான முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் வேலை பார்த்தவர், எல்லிஸ் துரை என்ற ஆங்கில அதிகாரி அனுப்பி ஊர் ஊராகப் போய் முனிவரின் ஏடுகளைத் தேடியவர். 1822இல் தமிழிலேயே முனிவரின் வரலாற்றை எழுதினார். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், பின்னால் வந்தவர்கள் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் சதுரகராதி முழுதாக அச்சேறியது 1824இல்தான். முனிவர் 1747லேயே காலமாகிவிட்டார். நடுவில் முக்கால் நூற்றாண்டு ஏடு தேடிய இந்த மாதிரி ஆட்களையும் அகராதி பிடித்தவர்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அகராதியோடு இன்னொரு தொடர்பு கொள்ளையால் வந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிப் போனார்கள். அரசு வேலையை அடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியில் ஃபபிரிசியுஸ் பாதிரியார் கைக்கு வந்தது. அந்த வேப்பேரி அச்சகத்தில் 1779இல் வெளிவந்ததுதான் அவரும் பிரைட்ஹௌப்ட் என்பவரும் தொகுத்த தமிழ் – ஆங்கில அகராதி, ஏறக்குறைய 9,000 சொற்கள். ஃபபிரிசியுஸ் ஜெர்மன்காரர், பரம சாது. சாதுவுக்குத்தான் வட்டிக் கணக்கு வராதே. நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை வாங்கி வட்டிக்கு விட்டார், வாங்கியவர்கள் கைவிரித்தார்கள், கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1791இல் இறந்தார். ‘கடன்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுத்துப் பொருள் கண்ட அகராதிக்காரர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

புதுச்சேரியிலேயே அகராதி அச்சானது அதற்கப்புறம். மிஷன் அச்சகத்தில் 1846இல் லத்தீன் – பிரெஞ்சு – தமிழ் அகராதி வந்தது. தொகுத்தவர்கள் தங்கள் பெயரைப் போடாமல் ‘இரு மறைப்பணியாளர்கள்’ என்று மட்டும் குறித்தார்கள். முசே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள். இவர்களின் தமிழ் – பிரெஞ்சு அகராதி இரண்டு தொகுதியாக 1855இலும் 1862இலும் வந்தது. துப்புய் 1844இல் பெண் குழந்தைகளின் கல்விக்காகக் கன்னியர் சபை ஒன்றையும் இங்கே தொடங்கினார். இவர்கள் பல்லக்கில் போகவில்லை, சிறைக்கும் போகவில்லை. வருடக்கணக்கில் சொல் பொறுக்கிவிட்டுப் பெயரே வேண்டாம் என்பதும் ஒரு வகைக் கிறுக்குத்தான், நல்ல கிறுக்கு. இவர்களுக்கு முன்பே, 1779இல் புதுச்சேரியில் காலமான கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார் தெலுங்கு – பிரெஞ்சு – சமஸ்கிருத அகராதி தொகுத்தார். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவு மொழிகள் என்று 1767இலேயே பாரிசுக்கு எழுதி அனுப்பினார். அது அச்சாக 1808 ஆயிற்று. அதற்குள் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் அதையே சொல்லிப் பெயர் வாங்கிவிட்டார்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. பிரெஞ்சு அகாதமி தானே அகராதி செய்துகொண்டிருந்தபோது, அதன் உறுப்பினர் ஃபுரெத்தியேர் தனியாக ஒன்றைத் தொகுத்தார். 1685இல் அவரை வெளியேற்றினார்கள். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1690இல் ஹாலந்தில் அவருடைய அகராதி வந்தது. அகாதமியின் அகராதி வர 1694 ஆயிற்று. ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், ஓட்ஸ் இங்கிலாந்தில் குதிரை தின்பது, ஸ்காட்லாந்தில் மனிதர் தின்பது என்று எழுதினார். அகராதிக்குள்ளேயே அகராதி பேசிய ஆள்! ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் அனுப்பிய, மைனர் என்ற பெயருடைய மருத்துவர், ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். அவரை விசித்திர மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நோய்.

நம்மூர்ப் பொருளில் அகராதி பிடித்தவர் என்றால் நா. கதிரைவேற்பிள்ளைதான். யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்து சென்னையில் தமிழ் ஆசிரியராக இருந்தவர், ‘மாயாவாத தும்ச கோளரி’ (மாயாவாதத்தை அழிக்கும் சிங்கம்) என்று பட்டம் போட்டுக்கொண்டவர், தமிழ் அகராதி தொகுத்தவர். வடலூர் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஆறுமுக நாவலர் போட்ட வழக்கோடு பெரிதானது. அதை அடுத்த தலைமுறையில் மறுபடி மூட்டியவர் இவர். 1904இல் இவர்மேலேயே வழக்கு வந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் திரு.வி.க. பள்ளி இறுதித் தேர்வையே கோட்டைவிட்டார். சொற்களுக்கு நிதானமாகப் பொருள் எழுதிய அதே கைதான் எதிரியைத் தாக்கியும் எழுதியது.

சரி, நல்ல தமிழ்ச் சொல் எது? ‘அகரமுதலி’. அகரம் முதல், அதனோடு ‘இ’ விகுதி. இதை நிலைநிறுத்தியவர் தேவநேயப் பாவாணர். 1956 முதல் 1961 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள் கொண்ட பேரகராதியைக் குறை சொல்லி எழுதியவர். வறுமையோடு மானமும் தனக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை யாருக்கும் வளையாமல் வாழ்ந்தார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கு 1974இல் இயக்குநரானார். முதல் தொகுதி அச்சாகும் முன்பே, 1981இல் இறந்துவிட்டார். அவருடைய சொல்மூலங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்க மாட்டேன், ஆனால் இந்தச் சொல் அருமையாக அமைந்தது.

எழுத்தில் ‘அகரமுதலி’ என்று தாராளமாக எழுதலாம், பாடநூலிலும் வந்துவிட்டது. ‘பேரகரமுதலி’ என்பது பெரிய அகராதிக்கு. ஒரு நூலின் கடைசியில் வரும் கடினச் சொற்பட்டியல் ‘அருஞ்சொற்பொருள்’. ஒரு சொல் நூலில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுவது ‘சொல்லடைவு’. சங்க இலக்கியத்துக்கு அப்படி ஒன்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதியாக வெளியிட்டது. இவை எல்லாவற்றையும் ‘அகராதி’ என்றே சொல்லிவிடுவது வழக்கம், அதைத் தவிர்க்கலாம். பேரனைத் திட்டும்போது மட்டும் பழைய சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். ‘அகரமுதலி புடிச்சவனே’ என்றால் எந்தப் பையனும் பயப்பட மாட்டான்.