கட்டிலைத் திருப்பி அனுப்பும் முன் டப்பாவைப் படியுங்கள்

இன்னொரு போட்டோ வந்தது. புதுக் குழந்தைக் கட்டிலின் அடிச்சட்டத்தில் ஒட்டிய ஒரு காகிதம், அதில் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. "அண்ணா, கேன்சர் வரும்னு போட்டிருக்கான். திருப்பி அனுப்பிடட்டுமா?"

வேலைத்தளங்களில் தூசியையும் ஆவியையும் அளப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எரிச்சல் வந்தது அடுத்து நடந்ததில்தான். புதுக் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, யாரோ கொடுத்த 1960களின் பெயிண்ட் அடித்த கட்டிலை ஹாலில் போட்டு உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள், ஜன்னலைக்கூடத் திறக்காமல். அமெரிக்காவில் வீட்டு பெயிண்ட்டிலும் மரச்சாமான் பெயிண்ட்டிலும் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல். அந்தத் தூசி குழந்தையின் மூளைக்கு என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டுமா?

சரி, அந்த முக்கோணத்துக்கு வருவோம். 1986இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபோசிஷன் 65 சட்டத்தின்படி ஒட்டப்படுவது அது. புற்றுநோயோ பிறவிக் கோளாறோ வரவழைக்கும் என்று அதன் பட்டியலில் இருப்பவை சுமார் 900 ரசாயனங்கள். புற்றுநோய் விஷயத்தில் அளவுகோல் இதுதான்: ஒரு லட்சம் பேர் 70 ஆண்டுகள் தினமும் அந்த அளவுக்கு ஆளானால், கூடுதலாக ஒருவருக்கு நோய் வரலாம். அதற்குக் கீழே என்றால் எச்சரிக்கை தேவையில்லை. ஆனால் கீழேதான் இருக்கிறது என்று நிரூபிப்பது விற்பவரின் பொறுப்பு. ஆய்வகத்துக்குச் செலவு உண்டு. தவறினால் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம், தனிநபரும் வழக்குப் போடலாம். காகிதமோ சில காசு. நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஒட்டிவிடுவீர்கள். அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

ஆக, அந்தக் காகிதம் 'இந்த ரசாயனம் இதில் இருக்கலாம்' என்று சொல்கிறது. எவ்வளவு, எப்போது உங்கள் மூச்சில் சேரும் என்பதைச் சொல்வதில்லை. ஒட்டாத பொருள் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் இன்னொரு போட்டோ வருகிறது.

மரத்தூளும் அந்தப் பட்டியலில் உண்டு, காரணத்தோடுதான். இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில் மரச்சாமான் செய்த தொழிலாளர்களிடம் அபூர்வமான மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகம் என்று 1960களில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வருடக்கணக்கில் தூளைச் சுவாசித்தவர்கள். முழு மரத்தில் செய்து முடித்த கட்டிலில் நீங்கள் தூங்கினால் தூள் பறக்காது. அறுத்தால், தேய்த்தால், துளை போட்டால் பறக்கும்.

மரத்துகளையும் மர நாரையும் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் வேறு விஷயம். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற, புற்றுநோய் தரக்கூடிய வாயு கசியும், புதிதாக இருக்கும்போதும் வெயில், ஈரப்பதம் ஏறும்போதும் அதிகமாக. ஆகவே வாங்கும்போது கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியமான 'கார்ப்' (CARB) போட்ட உமிழ்வு விதிக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரித்த பிறகு, முடிந்தால் குழந்தை வருவதற்குப் பல வாரங்கள் முன்பே, ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். அறைக்குள் போனதும் கண் எரிந்தால் அங்கே படுக்காதீர்கள்.

இனி திட்டு. கட்டிலின் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர்கள், பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதே இல்லை. அதில் தீச்சுடர் படம் இருந்தால் அடுப்புக்கும், கேஸ் ஹீட்டரில் எப்போதும் எரியும் சின்னச் சுடரான பைலட் விளக்குக்கும் பக்கத்தில் திறக்காதீர்கள். என்95 மாஸ்க் தூசிக்குத்தான், தின்னர் ஆவியை அது துளிகூடத் தடுக்காது. பழைய பெயிண்ட் என்றால் ஈயச் சோதனை செய்யாமல் கை வைக்காதீர்கள். கர்ப்பிணிகள் தயவுசெய்து அந்த வேலை நடக்கும் வீட்டிலேயே இருக்க வேண்டாம் அம்மா.

அப்புறம், மரத்துக்கு மெருகேற்ற ஆளிவிதை எண்ணெய் தடவிய துணி. சுருட்டி மூலையில் போட்டால் அதுவே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும், தீக்குச்சியே வேண்டாம். இதுவும் அந்த எண்ணெய் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். துணியை விரித்து வெளியே ஒற்றை அடுக்காகக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.