டிராக்டர் சீட்டு எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது?

“சார், மாந்தோப்புக்கு ஒரு சின்ன டிராக்டர் வாங்கப் போகிறேன். எத்தனை எச்.பி. என்பதை முடிவு பண்ணிவிட்டேன். எதில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காது என்று மட்டும் சொல்லுங்கள்” என்று போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பவர் ஸ்டீயரிங், கிளட்ச் மிதியின் கனம், கால் வைக்கத் தட்டையான தளம், மாங்கிளை இடிக்காத உயரம், இதெல்லாம் ஷோரூமிலேயே ஏறி உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அங்கே தெரியாதது குலுக்கல்தான். இடுப்பைப் பதம் பார்ப்பதும் அதுதான்.

காரில் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஸ்பிரிங் உண்டு. நம் ஊர்ச் சின்ன டிராக்டரில் பின் அச்சு நேராக கியர்பாக்ஸோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அங்கே ஸ்பிரிங் வேலை பார்ப்பது டயருக்குள் இருக்கும் காற்று மட்டுமே. அந்தக் காற்றின் மேல் வண்டி நொடிக்கு 2 முதல் 4 முறை துள்ளும். உழுது காய்ந்த நிலத்தில் அரை மீட்டருக்கு ஒரு மேடாக 5 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போனால், நொடிக்கு ஏறக்குறைய 2.8 இடி. வண்டி தானாகத் துள்ள விரும்பும் தாளமும் அதுவே. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு இடியும் துள்ளலை வளர்க்கும். 3 கிலோமீட்டருக்குக் குறைத்தால் 1.7 ஆகிவிடும், வண்டி அடங்கும். மேலும் கீழுமான ஆட்டத்தில் மனித உடம்பு அதிகம் வாங்கிக்கொள்வது நொடிக்கு 4 முதல் 8 வரை. இந்தத் துள்ளல் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இப்போது சீட்டுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இது. ஸ்பிரிங் மேல் ஓர் ஆள் உட்கார்ந்தால், அந்த ஜோடிக்கும் சொந்தமாக ஒரு தாளம் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க உங்கள் எடையும் வேண்டாம், ஸ்பிரிங்கின் பலமும் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் விடை. 1 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு 5. 4 சென்டிமீட்டருக்கு 2.5. 9 சென்டிமீட்டருக்கு 1.7. எடையும் பலமும் அந்த அமுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன!

கீழிருந்து வரும் குலுக்கல், சீட்டின் தாளத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் சீட்டு அதை வடிகட்டும். அதற்குக் கீழே இருந்தால் குறைக்காது, கூட்டும். நம் 2.8 குலுக்கலை வைத்துப் பாருங்கள். 9 சென்டிமீட்டர் அமுங்கும் சீட்டு 2.4-க்கு மேல் வருவதைக் குறைக்கத் தொடங்கிவிடும், காப்பாற்றும். 4 சென்டிமீட்டர் அமுங்கும் சீட்டோ 3.5-க்கு மேல்தான் வேலை செய்யும். அதற்குள் 2.8 அதன் சொந்தத் தாளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. துள்ளல் பெரிதாகி முதுகுக்கு வருகிறது. கைக்கு மெத்தென்று இருக்கும் நுரை மெத்தை வயலில் ஏமாற்றுவது இதனால்தான். தாளம் ஒத்துப்போகும்போது ஆட்டம் எகிறாமல் பிடிப்பது சீட்டுக்கு அடியில் இருக்கும் டேம்பர். எண்ணெயைச் சின்னத் துளை வழியாகத் தள்ளி, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றிவிடும்.

சூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டிராக்டர் ஓட்டுபவருக்கு இடுப்பு வலித்தால் “எஞ்சின் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி” என்பார்கள். குளிக்கட்டும், நல்லதுதான். ஆனால் குலுக்கலைக் கவனிக்காமல் சூட்டைக் குறை சொல்லிக்கொண்டே வருடங்கள் ஓடினால், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு தேய்ந்த பிறகுதான் டாக்டரிடம் போவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே 8 மணி நேர வேலையில் தொழிலாளி உடம்பு எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று வரம்பு போட்டுவிட்டது. ஓசூரில் டிராக்டர் தயாராகிறது, பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிராக்டர் மானியத்துக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, நம் மாந்தோப்புகளிலேயே ஓட்டுநர்களின் சீட்டில் அதிர்வுமானி வைத்து அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வாங்கப் போகும்போது ஓர் அளவுகோல் கொண்டு போங்கள். ஓட்டுபவரின் எடைக்கேற்பத் திருப்ப சீட்டில் இருக்கும் எடைத் திருகைத் தளர்த்திவிட்டு உட்காருங்கள், அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அடியில் போய் முட்டினால் அந்த அளவு செல்லாது. பலரும் நினைப்பதற்கு மாறாக, சாதாரண சீட்டில் இந்தத் திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது. உங்களைத் தூக்கி நடுவில் நிறுத்தும், மேலும் கீழும் ஆட இடம் கிடைக்கும். அப்புறம், சோதனை ஓட்டத்தைத் தார்ச்சாலையில் முடித்துவிடாதீர்கள், உழுத நிலத்தில் கேளுங்கள். வண்டியைத் தினமும் ஓட்டப்போவது வேறொருவர் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். 80 கிலோ முதலாளியை 8 சென்டிமீட்டர் அமுக்கத்தில் தாங்கும் ஸ்பிரிங், 55 கிலோ ஓட்டுநருக்கு ஐந்தரைதான் அமுங்கும். அதே சீட்டு அவரை அதிகமாகக் குலுக்கும்.